மக்தலேனாவின் முப்பத்தோராம் நாள்

பாண் கடையில் மாப் பிசையும் பளீலாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததிலிருந்து திரேசாவுக்கு எந்த வேலையிலும் கை ஓடவில்லை.

சொன்னது பொய். அம்மா செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் கோயில் ஆட்கள் மட்டுந்தான் வரவேண்டும் என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டாராம். சுவாமி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய மனிதரும் அல்லர்.

பொய்க்கான காரணம் முன்னறைச் சுவரில் தொங்கியது.

அம்மா மக்தலேனாவின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள் ஒரு பையன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். தங்கை அக்னசின் ஒரே மகன் ஜெறோம். புலிகள் இயக்கத்துக்குப் போனவன். தொண்ணூற்றொன்றில், பதினெட்டு வயதில், செத்துப்போனவன். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடிவிட்டது.

அக்னஸ் மன்னாரிலிருந்து பயணப் பாஸ் எடுத்து, மதவாச்சியால் சுற்றி, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறிக் கற்பிட்டிக்கு வந்திருந்தாள். மகனுடைய சின்னப் படத்தைச் செபப் புத்தக மட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். புத்தளத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தாள்.

"அம்மா வளர்த்த பிள்ளை அக்கா. பன்னிரண்டு வயசு மட்டும் இந்த வீட்டிலதானே வளர்ந்தவன். அம்மாவுக்குப் பக்கத்தில இருக்கட்டும்."

"நேவிக்காரங்கள் இங்க பாண் வாங்க வாறவங்கள் அக்னஸ்..."

"அவங்களுக்கு என்ர பிள்ளையை ஆரெண்டு தெரியும்? இண்டைக்கு ஒரு நாள்தானே."

ஆணியும் சுத்தியலும் திரேசாவே எடுத்துக் கொடுத்தாள்.

*

அண்ணன் பஸ்தியான் கதிரையை முற்றத்து வேம்பின் கீழ் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். சிலாபத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னேரம் நான்கு மணிப் பூசை முடிவில் அம்மாவின் வாழ்க்கையை வாசிக்கப் போகிறவர் அவர்தான். எழுதியதை உரத்து வாசித்துத் தங்கைகளிடம் ஒப்புதல் கேட்டார்.

"பேசாலையில் பிறந்து, பதினேழு வயதில் மணப்பெண்ணாக வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய எமது அன்னை..."

"வள்ளத்தில வழி நெடுகச் சத்தி எடுத்து, கூறைச் சேலையிலேயே வாயைத் துடைச்சவ. அதையும் எழுதுங்கோ அண்ணை" என்றாள் அக்னஸ்.

"கோயில்ல வாசிக்கிறதடி."

"சுருட்டு?"

"சுருட்டைப் பற்றிக் கதையே எடுக்காதே."

அக்னஸ் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்துத் திரேசா பார்க்கவில்லை. பாண் சுடும் போறணைக்குப் பின்னால் குந்தியிருந்து சுருட்டுப் பிடிக்கும் அம்மாவை ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. மாக் கொண்டுவரும் லொறிச் சாரதியைச் சிங்களத்தில் அவள் திட்டுவதைக் கேட்கவென்றே சிலர் கடைக்கு வருவார்கள்.

அப்பா அல்பிரட் காய்ச்சலில் போனபோது அக்னஸ் வயிற்றில். பாண் போறணையை விற்றுவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்பதாம் நாள் அம்மா விறகை அடுக்கி நெருப்பு மூட்டினாள். எழுபதுகளில் கோதுமை மா இல்லாமற்போன காலத்தில் மரவள்ளி மாவில் பாண் சுட்டாள். முதல் நாள் பாணைக் கத்தியால் வெட்ட ஏலாமல் கோடரி தேடினார்கள். ஊரே சிரித்தது. மூன்றாம் நாள் அதே ஊர் வரிசையில் நின்றது.

பஸ்தியான் குரலைத் தாழ்த்தி அடுத்த தாளைப் பிடித்தார்.

"தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் மன்னாரிலிருந்து வள்ளம் வள்ளமாக எமது கரையில் வந்து இறங்கினார்கள். அன்னைக்கு அப்போது எழுபத்தேழு வயது. பதினொரு நாள் போறணையை அணையவிடாமல் பாண் சுட்டு, மாட்டுவண்டிலில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படி வந்த பளீலா என்னும் சகோதரிக்கு வேலை கொடுத்து, கடைசிவரை மகளைப்போல் வைத்திருந்தார். பயம் என்பதை அறியாதவர். எதையும் மறைக்கத் தெரியாதவர்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "எப்பிடி? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரேசா குசினிக்குள் போனாள். வெங்காயம் வெட்டினால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

*

பளீலா வேலைக்கு வந்த முதற்கிழமை அது. மாப் பிசையும்போது முக்காடு சரிந்தது. வலது காதுச் சோணை இரண்டாகக் கிழிந்து, காயம் இன்னும் ஆறாமல் இருந்தது. அம்மாதான் கேட்டாள்.

"தோடு கழட்ட வரல்ல பெரியம்மா. சுரை இறுகிப் போச்சு. கரையில வள்ளத்துல ஏற முன்ன இயக்கப் பொடியங்க எங்க எல்லாரையும் சோதிச்சாங்க. நான் கழட்டித் தாறன் எண்டுதான் சொன்னன். பின்னுக்கு நிண்டவன் கெதியா, கெதியா எண்டு கத்தினான். முன்னுக்கு நிண்டவன் புடிச்சு இழுத்துட்டான். சின்னப் பொடியன். மீசை கூட முளைக்கல்ல. மணிக்கட்டில நெருப்புச் சுட்ட வடு, ரெண்டு கோடா. தோட்டைப் பையில போட்டுட்டு, அடுத்த ஆள் வாங்க எண்டான்."

அம்மாவின் கைகள் மாவுக்குள் அப்படியே நின்றன.

ஒன்பது வயதில் சூடான பனிஸ் எடுக்கப்போய்ப் போறணைக் கம்பிகள் இரண்டில் மணிக்கட்டை வைத்தவன் ஜெறோம். வாழைக் குருத்து வைத்துக் கட்டியவள் அம்மா. அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் திரேசா.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றாள் அம்மா. தடுத்தவள் திரேசா.

"சொன்னா, நாளைக்கு இந்தப் போறணையில நெருப்பு மூட்ட ஏலாது அம்மா. எங்கட பாணை ஆர் வாங்குவினம்? பாதி ஊர் பளீலாட ஆக்கள். அகதி முகாமில எத்தினை ஆயிரம் சனம் கிடக்கு!"

யாருக்கும் அடங்காத அம்மா அன்று மகளுக்கு அடங்கிப்போனாள். தடுத்தது அம்மாவுக்கும் ஒரு நிம்மதியாக இருந்ததோ என்று திரேசா பின்னர் பலமுறை யோசித்ததுண்டு. ஒரு கிழமை ஒரு மாதமாயிற்று. மாதம் வருடமாயிற்று. பளீலா தினமும் வந்தாள், பிசைந்தாள், விட்டுவந்த வீட்டைச் சொல்லி அழுதாள். திரேசா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கடைசி நாளில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நீயாவது பளீலாட்டச் சொல்லு பிள்ளை. எனக்கு வாய் வரேல்ல."

"ஓம் அம்மா."

அந்த ஓமுக்கு இன்றைக்கு முப்பத்தொரு நாள்.

*

இரண்டு மணியளவில் பின்வாசற் படலை திறந்தது. மூடிக் கட்டிய பாத்திரத்தோடு பளீலா வந்தாள்.

"சாப்பாட்டுக்கு நிக்க மாட்டன் திரேசாக்கா. கோயிலுக்கும் வரல்ல. வட்டலப்பம், பெரியம்மாவுக்கு எவ்வளவு விருப்பம்! செஞ்சு வச்சிட்டுக் குடிசைக்குள்ள இருக்க முடியல்ல."

திரேசா குசினிக் கதவை மறித்து நின்றாள். "இங்க தா. நான் வைக்கிறன்."

"ஒருக்கா உள்ள போய்ப் பெரியம்மாட படத்தைப் பாத்திட்டு ஓடிடுவன்."

"இப்ப வேணாம் பளீலா."

பளீலாவின் முகம் மாறியது. "ஏழு வருஷமா இந்த வாசலால வந்து போறன். இண்டைக்கு மட்டும் என்னக்கா?"

அதற்குள் உள்ளேயிருந்து அக்னசின் குரல். "ஆரது, பளீலாவோ? அம்மா எழுதுவிச்ச கடிதமெல்லாத்திலயும் வாற பளீலாவோ?" வந்தவள் திரேசாவைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டி, பளீலாவின் கையைப் பிடித்தாள். "உள்ளுக்கு வாங்கோ. ஏன் அக்கா வாசல்ல நிப்பாட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

திரேசா பின்னால் போனாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பளீலா முதலில் அம்மாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தாள்.

"என்ர மகன். ஜெறோம்" என்றாள் அக்னஸ். "அம்மாதான் வளர்த்தவ. கோபமாக் கதைக்கத் தெரியாத பிள்ளை."

முக்காட்டுக்குள் பளீலாவின் வலது கை மெல்ல ஏறியது. பிறகு அவள் திரும்பித் திரேசாவைப் பார்த்தாள்.

திரேசா தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்திருக்கக் கூடாது. என்ன, ஏது என்று கேட்டிருக்கலாம். தெரியாதவள்போல் நின்றிருக்கலாம். குனிந்த தலை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"உங்களுக்கு இவர் ஒரே பிள்ளையா?" பளீலா அக்னசிடம் கேட்டாள்.

"ஓம். ஒண்டே ஒண்டு."

பளீலா பாத்திரத்தை மேசையில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்னசின் முகத்தைப் பார்த்து, விழுங்கிக்கொண்டாள். "நான் வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியால் போனாள்.

*

ஆலங்குடாப் பாதையில் ஒரு மைல்கட்டைத் தூரத்தில் அகதி முகாம். ரோட்டின் நடுவில் படுத்திருந்த கழுதைகளைச் சுற்றிக்கொண்டு திரேசா ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாதி வழியில் பளீலாவைப் பிடித்தாள்.

"பளீலா, நில்லு."

நின்றாள். திரும்பவில்லை.

"எப்பயிருந்து தெரியும்?"

"நீ காதைக் காட்டின அண்டைக்கு."

"பெரியம்மாவுக்கு?"

"அவவுக்கும். அவ சொல்லத்தான் நிண்டவ. நான்தான் விடேல்ல. கடை போயிரும் எண்டு பயந்தன்."

பளீலா இப்போது திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் திரேசாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"காது போனது போனதுதான். அந்தப் பொடியனும் மௌத்தாப் போயிட்டான். அவனை நான் அல்லாட்ட விட்டுட்டன். ஆனா நீங்க... ஏழு வருஷம் என்ட பக்கத்தில நிண்டு மாப் பிசைஞ்சீங்க. அவன் எப்பிடி இழுத்தான் எண்டு நான் எத்தினை தரம் சொன்னன். ஒவ்வொரு தரமும் புதுசாக் கேக்கிற மாதிரிக் கேட்டீங்களே அக்கா!"

"பிழைதான்."

"அந்தக் காதுக்காகத்தானா எனக்கு வேலை தந்தது?"

"இல்லை! சத்தியமா இல்லை. காதைக் காண முந்தியே அம்மா உன்னைக் கூப்பிட்டவ."

"இருக்கும். ஆனா எந்தப் பாண் எனக்குத் தந்தது, எந்தப் பாண் இந்தக் காதுக்குத் தந்தது எண்டு இனி நான் எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?"

பளீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இண்டைக்குக் கோயில்ல பெரியம்மாட கதை வாசிக்கிறதாச் சொன்னீங்க. அதில என்ட பேர் இருக்கா?"

"இருக்கு. நல்லாத்தான் எழுதியிருக்கு..."

"எடுத்துப் போடுங்க."

அவ்வளவுதான். பளீலா நடந்தாள். திரேசா கூடப் போகவில்லை.

*

"ஏனடி? இருக்கிறதுக்குள்ள நல்ல பகுதியே அதுதானே!" பஸ்தியான் தாளை விட மறுத்தார்.

திரேசா பேனையைப் பறித்து, பளீலாவின் பெயர் வந்த வரியை அடித்தாள். தாள் கிழிந்தது.

அக்னஸ் சேலை மடிப்பைப் பிடித்தபடி அறை வாசலில் நின்றாள். "என்னக்கா நடந்தது? அந்த மனுசி ஏன் அப்பிடிப் போனவ? ஒரே பிள்ளையோ எண்டு ஏன் கேட்டவ?"

இப்போதும் ஒரு பொய் திரேசாவின் வாயில் வந்து நின்றது. நல்ல பொய், யாரையும் நோகடிக்காத பொய். அதைச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடலாம். அக்னஸ் நாளை மறுநாள் மன்னாருக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

சொல்லவில்லை. கரை, வரிசை, தோடு, காது, மணிக்கட்டு என்று தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பஸ்தியான் எழுந்து நின்றுவிட்டார்.

"பொய்" என்றாள் அக்னஸ்.

திரேசா இல்லை என்று தலையாட்டினாள்.

"எந்தக் கை?"

"வலக்கை. ரெண்டு கோடு."

அக்னஸ் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தாள். தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவன் போராடப் போறன் எண்டு சொல்லித்தான் போனவன். அதைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். உங்களுக்கும் பக்கம் பக்கமா எழுதினன். நீயும் அம்மாவும் இருந்து வாசிச்சிருப்பியள், என்ன?"

"அக்னஸ்..."

"அந்தப் படத்தை மாட்ட ஆணி எடுத்துத் தந்தனீ நீ. அந்த மனுசியை நான் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன். கோபமாக் கதைக்கத் தெரியாத பிள்ளை எண்டு சொன்னன். நீ பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தாய்."

அதுவரை அக்கா, நீங்கள் என்று அழைத்த வாயிலிருந்து அந்த "நீ" வந்தது. அக்னஸ் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இண்டைக்கா இதைச் சொல்லோணும்?" என்றார் பஸ்தியான். "பூசைக்கு இன்னும் ஒரு மணித்தியாலந்தான் கிடக்கு."

"ஏழு வருஷம் பிந்திப் போச்சு அண்ணை" என்றாள் திரேசா.

*

கோயில் நிறைந்திருந்தது. அம்மாவின் பாணைத் தின்னாத ஒரு வாய் அங்கே இருந்திருக்காது.

அக்னஸ் பெண்களோடு பின்னால் வருவாள் என்று நினைத்துத் திரேசா முன் வாங்கில் இடம் பிடித்து வைத்திருந்தாள். நற்கருணை முடிந்தும் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

பஸ்தியான் வாசிக்கத் தொடங்கினார். பேசாலை, வள்ளம், அல்பிரட்டின் காய்ச்சல், மரவள்ளிப் பாண். மரவள்ளிக்குச் சனம் மெல்லச் சிரித்தது. கரையில் வந்து இறங்கிய மக்கள், பதினொரு நாள் பாண். கிழிந்த இடத்தைத் தாண்டினார்.

"பயம் என்பதை..."

நிறுத்தினார். தாளிலிருந்து தலையெடுத்துத் தங்கையைப் பார்த்தார். பிறகு அந்த வரியையும் அடுத்த வரியையும் விட்டுவிட்டு, அம்மாவின் பேரப்பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

திரேசா எழுந்தாள். சொந்தத் தாயின் பூசையில், முன் வாங்கிலிருந்து, எல்லாரும் பார்க்க நடந்து வெளியே போனாள்.

வாசலில் மெழுகுதிரி விற்கும் பெண் கைகாட்டினாள். "உங்கட தங்கச்சி முகாம் ரோட்டால போறா. கூப்பிட்டன். திரும்பிக்கூடப் பாக்கேல்ல."

மணல் ரோட்டில் வெயில் சாய்ந்திருந்தது. திரேசாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஒரே நாளில் இரண்டாந் தரம் அந்த வழியால் ஓடினாள். முகாமின் முதற்குடிசைகள் தெரிந்தபோதுதான் தங்கையைக் கண்டாள்.

குழாயடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். அக்னஸ் வெறுங்கையோடு அவர்கள் முன்னால் நின்றாள்.

"பளீலாட வீடு எது?"

வயதில் மூத்தவள் சாரா உம்மா. மன்னாரிலிருந்து முதல் வள்ளத்தில் வந்தவள். "நீங்க ஆரு, மகள்?"

"நான் ஜெறோமின்ர தாய்."

"எந்த ஜெறோம்?"

அக்னஸ் சொன்னாள். "அண்டைக்குக் கரையில உங்களைச் சோதிச்ச பொடியங்களில ஒருத்தன். பளீலாட காதைக் கிழிச்சவன். அவன்ர தாய்."

குழாயில் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது. மூட யாரும் கை நீட்டவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருத்தியும் அந்தக் கரையில் வரிசையில் நின்றவள்.

சாரா உம்மா அக்னசை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டி, மூச்சிரைக்க நின்ற திரேசாவைப் பார்த்தாள்.

"நீ பாண் வீட்டுத் திரேசா எல்லே? இவ உனக்கு ஆரு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஏழு வருடம் போனது. அவ்வளவு பேரும் வாளியும் கையுமாக அந்தப் பதிலுக்குக் காத்து நின்றார்கள்.

திரேசா நடந்துபோய்த் தங்கையின் பக்கத்தில் நின்றாள்.

"என்ட கூடப் பிறந்தவ" என்றாள். "அந்தப் பொடியனைப் பன்னிரண்டு வயசு மட்டும் வளர்த்தது எங்கட வீடு. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இவ்வளவு நாளும் உங்களுக்குப் பாண் வித்தன்."

யாரோ ஒருத்தி வாளியை நிலத்தில் ஓங்கி வைத்தாள்.

அந்தச் சத்தத்துக்கு, மூன்றாவது குடிசையின் சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு பளீலா வெளியே வந்தாள். தலையில் முக்காடு இல்லை.